தாஸ்யாவின் ஒற்றைச் சுற்று

பொறாமையா? தாஸ்யாவுக்கா? அதுவும் இன்னும் முன்பல் முளைக்காத ஒரு பொடிசின் மேலா?

"வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து பேசு, ராயா" என்றேன். அவள் கொப்புளிக்கவில்லை. எங்கள் கட்டிட வாசல் பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தாள்.

"கண்ணு வெச்சுட்டா, ஃபெக்லா அக்கா. தன்னால முடியாததை எம் பேத்தி செய்யுறாளேன்னு வயிறு எரிஞ்சுது. நைசாப் பேசிப் புள்ளையக் கெடுத்தா. காரியம் முடிஞ்சதும் மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடிட்டா."

"ஓடலை. நடந்து போனா. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களாக்கும்! எதிர்ல பஸ் வந்தாலே உங்களுக்குத் தெரியாது."

"கண்ணுதான் போச்சு. காது நல்லா இருக்கு. அதனாலதான் நீ பேசுறதையெல்லாம் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கு."

பக்கத்தில் இருந்த க்ளாவா சிரித்துவிட்டாள். ராயா சிரிக்கவில்லை. அவள் கோபமும் எனக்குப் புரியாமல் இல்லை. வர்யா அவளுடைய மகள் வயிற்றுப் பேத்தி. போட்டிக்கான சட்டையில் பாசிமணி கோத்துக் கோத்து ராயாவின் விரல் நுனியெல்லாம் புண். அந்தச் சட்டை இப்போது அலமாரியில் தொங்குகிறது. வலிக்கத்தான் செய்யும். அதற்காக இல்லாததைச் சொல்லலாமா? பெஞ்சில் நாலு பேர் சொன்னால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடுகிறது. எனக்கு எழுத்து வராது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் போர்க்காலத்தில் தானியக் கிடங்காகிவிட்டது, அதோடு சரி. நான் சொல்கிறேன், எழுதுகிறவள் எழுதட்டும். நடுவில் அழகு எதுவும் சேர்க்க வேண்டாம்.

எங்கள் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்று என்னுடையது, மற்றது லரீசாவுடையது. லரீசா ரொட்டி ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவள் கட்டியவன் கெனாதி, எரிவாயுக் கிணற்றில் வேலை என்று வடக்கே போனான். போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஆகவே தாஸ்யா தவழ்ந்தது என் வீட்டு விரிப்பில். அம்மா ஆலைக்குப் போகும்போது அவளைத் தூக்கி என் கையில் கொடுப்பாள், ரொட்டி வாசனையோடு திரும்பி வந்து வாங்கிக்கொள்வாள். ஐஸில் சறுக்கி ஆடுகிற பனி அரங்கத்துக்கு அவளைக் கூட்டிப் போனதும் நான்தான். தாய்மார்களுக்கான மர இருக்கையில், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்த வருஷங்களை எண்ணினால் என் முட்டிக்கே கோபம் வரும்.

முதல் நாள் லரீசாவும் வந்திருந்தாள். எம்மா ஆர்க்காதியெவ்னாதான் கோச். நிமிர்ந்த முதுகு, நரியின் தோல் வைத்த கழுத்துப் பட்டை, லேசாக நொண்டுகிற இடது கால். நாலு வயதுப் பிள்ளை கையுறையைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. எம்மா பிள்ளையைப் பார்க்கவே இல்லை, லரீசாவைச் சுற்றி வந்தார். சந்தையில் பசு வாங்குகிறவன் இப்படித்தான் சுற்றுவான். அங்கே எல்லாக் கோச்சுகளும் அப்படித்தான் செய்வார்கள். தாய் எப்படியோ மகள் நாளைக்கு அப்படித்தான் ஆவாள் என்பது அவர்கள் கணக்கு.

"இடுப்பு ஒடுக்கம். எலும்பு சின்னது. நல்லது" என்றார் எம்மா. "அப்பா பக்கம் எப்படி?"

"எல்லாரும் குட்டைதாங்க" என்றாள் லரீசா. "கட்டெறும்பு மாதிரி."

நான் லரீசாவைப் பார்த்தேன். லரீசா கூரையைப் பார்த்தாள். கெனாதியின் அம்மா பெலகேயாவைக் கல்யாணத்தில் நான் பார்த்திருக்கிறேன். காமா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. எங்கள் கட்டிடத்தின் எந்த வாசலிலும் குனியாமல் அவளால் நுழைய முடியவில்லை. கொதிக்கிற சமோவார் தேநீர்ப் பானையை ஒரு கையிலும், தூங்கிப்போன மாப்பிள்ளையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போனாள். நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் சொல்ல மாட்டேன். பிள்ளை அந்த ஐஸைப் பார்த்து நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தாஸ்யா சுற்றினாள். மற்றப் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே சுற்றினாள். எம்மாவிடம் ஒரு நீளக் கழி உண்டு, அதன் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் பிள்ளையின் இடுப்புக்குப் பட்டை. அங்கே எல்லோரும் அதைத் தூண்டில் என்பார்கள். பிள்ளை குதிக்கும்போது எம்மா பக்கத்திலேயே சறுக்கிக்கொண்டு வந்து கழியை வெடுக்கென்று மேலே இழுப்பார். பிள்ளை மேலே போகும், விர்ரென்று சுற்றும், கீழே வரும். தாஸ்யா கடுகு மாதிரி இருந்தாள், சுண்டினால் பறப்பாள்.

"மீன் மாட்டிச்சு பாட்டி, மீன் மாட்டிச்சு!" என்று கத்திக்கொண்டே சுற்றுவாள்.

அவள் தூண்டில் இல்லாமலே அந்தரத்தில் மூன்று சுற்று சுற்றி ஒற்றைக் காலில் வந்து நின்றபோது அவளுக்குப் பத்து வயதுதான். எங்கள் ஊரில் அந்த வயதில் யாரும் அதைச் செய்ததில்லை. கட்டிடமே திருவிழாவானது. இதே ராயா முட்டைக்கோஸ் வைத்த பணியாரம் தட்டு நிறையக் கொண்டுவந்து, "நம்ம வாசல் பொண்ணு" என்று தெரு முழுக்கச் சொன்னாள். நம்ம வாசல் பொண்ணு! அதை ஞாபகம் வைத்துக்கொள், ராயா.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. கண் மங்கியதிலிருந்து நான் காதால்தான் பார்ப்பேன். தாஸ்யா மேலே எழும்புவதற்கு முன்னால் ஐஸில் ஒரு சுரண்டல் கேட்கும். தீய்ந்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி, கர்ர்க் என்று. பல் கூசும். எல்லாருக்கும் அப்படித்தானோ என்னவோ என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன தெரியும்.

எம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், அதையும் எழுது. தாஸ்யாவுக்குக் கணுக்கால் பிசகியபோது, நொண்டிக் காலோடு அவளை முதுகில் சுமந்து பேருந்து நிறுத்தம் வரை வந்தவர் அவர். அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். மாஸ்கோவிலிருந்து ஆள் வந்து பெரிய பயிற்சிக்குப் பிள்ளை பொறுக்குவது பத்து, பதினோரு வயதில். அதற்குள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஐஸ் நேரத்தை ஹாக்கிப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வருஷா வருஷம் அந்தப் பையன்களின் கோச் கதவருகே வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பான். சிரித்துக்கொண்டுதான் பார்ப்பான்.

மாஸ்கோக்காரர்கள் வந்த வருஷம் தாஸ்யாவுக்குக் கடும் காய்ச்சல். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருஷத்துக்குள் அவள் வளர ஆரம்பித்தாள்.

லரீசா வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் பிள்ளையைச் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ரொட்டிக் கத்தியைப் படுக்க வைத்து, ஒரு கோடு. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பிள்ளை கொஞ்சம் எக்கும், அம்மா தலையில் தட்டுவாள். பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு நான் ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். லரீசா கத்தியை எடுத்தாள், கேக்கை வெட்டினாள், கழுவி உள்ளே வைத்துவிட்டாள்.

"கோடு?" என்றாள் தாஸ்யா.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"வேண்டாம்னா வேண்டாம். உக்காந்து டீயக் குடி. அரை கப்பு போதும்."

அதற்குப் பிறகு அந்த நிலையில் கோடு விழவில்லை. கோடு போடாவிட்டால் பிள்ளை வளராது என்று நினைத்தாளோ என்னவோ. அரங்கத்தில் காலையும் மாலையும் எடை பார்ப்பார்கள். எடை பார்க்கும் நாளில் தண்ணீர்கூடக் கிடையாது, வாயைக் கொப்புளித்துத் துப்பலாம். பிள்ளை உதடு வெடித்து வந்து நிற்கும். என் வீட்டில் முட்டைக்கோஸ் சூப் எப்போதும் அடுப்பில் இருக்கும். நான் கொடுத்தேன். கொடுக்காதே என்று லரீசா என்னிடம் சண்டை போட்டாள். நான் மறுபடியும் கொடுத்தேன்.

ஒருநாள் எம்மா தாஸ்யாவின் முகத்தருகே குனிந்து மோந்தார். "சூப்புல போடுற சோயிக்கீரை வாசனை. என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணுமில்லை, எம்மா ஆர்க்காதியெவ்னா."

எம்மா திரும்பி மர இருக்கையில் இருந்த என்னைப் பார்த்தார். "ஃபெக்லா அம்மா, உங்க சூப்பு அவ காலை உடைக்கும். சொல்லிட்டேன்."

"சூப்புக் குடிச்சு உடைஞ்ச காலை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லைங்க" என்றேன். தாய்மார்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எம்மா சிரிக்கவில்லை. அவர் குரலில் பயம் இருந்தது, அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

சூப்பாலா வளர்ந்தாள்? பெலகேயாவின் எலும்பு அது. பட்டினி போட்டால் நிற்குமா? தோள் விரிந்தது, கால் நீண்டது, முன்பு கடுகாய் இருந்தவள் ஓடைக்கரை மரம் போல நின்றாள். ஐஸில் ஏறினால் விழுந்தாள். எழுந்தாள், விழுந்தாள். முன்பு அந்தரத்தில் மூன்று சுற்று முடித்தவளுக்கு இப்போது இரண்டேகாலில் தரை வந்துவிடும். இடுப்பெல்லாம் நீலம். என் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் ஊற்றிவிடும்போது தொடப் பயமாக இருக்கும்.

எம்மா பழையபடி தூண்டிலை எடுத்தார். பெரிய பெண்ணுக்கு யாரும் அதைக் கட்டுவதில்லை. கட்டினார். வேகமாக வந்து, தாஸ்யா எழும்ப, எம்மா வெடுக்கென்று இழுக்க, கழி வளைந்து படாரென்று முறிந்தது. எம்மா ஒரு பக்கம் விழுந்தார், பெண் ஒரு பக்கம் விழுந்தாள். சின்னப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். தாஸ்யாவும் படுத்தபடியே சிரித்தாள்.

"மீன் பெருசாயிடுச்சு, எம்மா ஆர்க்காதியெவ்னா. விட்டுடுங்க."

எம்மா முறிந்த கழியைப் பொறுக்கினார். அந்த வாரமே தாஸ்யாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் கண்டது.

கட்டுப் போட்ட காலை என் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, அந்த வசந்தம் முழுக்க அவள் கைப்பேசியைப் பார்த்தாள். பழைய போட்டிகளில் தாய்மார்கள் எடுத்த வீடியோப் படங்கள். அவற்றை மெதுவாக ஓட விடுவாள். நிறுத்துவாள். மறுபடியும் ஓட விடுவாள்.

"பாட்டி, இங்க பாருங்க. கிட்ட வெச்சுப் பாருங்க. இது நான், பத்து வயசு. காலு எங்க இருக்கு?"

"ஐஸ்ல."

"உடம்பு?"

"அந்தப் பக்கம் திரும்பி இருக்கு."

"இன்னும் நான் எழும்பவே இல்லை. அதுக்குள்ள பாதி சுத்து ஐஸ்லயே முடிஞ்சிடுச்சு. மிச்சத்தைத்தான் மேல போய்ச் சுத்துறேன். சின்ன உடம்பு, வேகமாச் சுத்திச்சு. யாருக்கும் தெரியலை. எனக்கே தெரியலை." படத்தை நிறுத்தி மடியில் கவிழ்த்து வைத்தாள். "நான் குதிச்சதே இல்லை பாட்டி. சுத்தியிருக்கேன், அவ்வளவுதான். குதிக்க எனக்குத் தெரியாது."

அந்தச் சுரண்டல் எனக்கு ஞாபகம் வந்தது. சூப் ஊற்றி வைத்தேன். இந்த முறை அவளே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கட்டு அவிழ்த்ததும் எம்மாவிடம் போனாள். நானும் கூட இருந்தேன். "ஒத்தச் சுத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், எம்மா ஆர்க்காதியெவ்னா. முதல்ல காலால எழும்பணும், மேல போனப்புறம் சுத்தணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா அது போகாது. எவ்வளவு உயரமானாலும் போகாது."

எம்மா கையுறையைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். "ரெண்டு மூணு வருஷம். உன் வயசுக்காரங்க விட்டுட்டுப் போறாங்க தாஸ்யா, நீ ஆரம்பிக்கிறேங்குறே. உனக்கு எந்த நேரத்துல ஐஸ் குடுப்பேன்? யாரை இறக்கிட்டு உன்னை ஏத்துவேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்பைக் குறை. பழைய தாவல் திரும்பி வரும். வந்தவங்களை நான் பாத்திருக்கேன்" என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

தாஸ்யா வேறு வழி கண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். பாட்டு போடுவார்கள். வாடகைக் காலணி மாட்டிக்கொண்டு காதலர்கள் கைபிடித்துத் தள்ளாடுவார்கள், அப்பன்மார் விழுவார்கள், ஐஸ் முழுக்க ஐஸ்கிரீம் குச்சி. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கம்பி வேலி பக்கமாக, எங்கள் தாஸ்யா ஒற்றைச் சுற்று குதித்தாள். நாலு வயதுப் பிள்ளை செய்வது. முழங்காலை மடக்கி, காத்திருந்து, எழும்பி, ஒரே ஒரு சுற்று.

"என்ன சாம்பியன், எண்ணிக்கை மறந்துபோச்சா? மூணுக்கு அப்புறம் நாலுன்னு நெனச்சேன், ஒண்ணா?" என்று ஹாக்கிப் பையன்கள் கத்துவார்கள்.

"அங்கிருந்து எண்ணத் தெரியாதவங்களுக்காக மெதுவாச் செய்யுறேன்" என்பாள். முகம் சிவந்திருக்கும், நிறுத்த மாட்டாள்.

ஒரு ஞாயிறு, நான் இருக்கையில் குறட்டை விடாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. தாஸ்யாவின் காலணியடிக் கத்தி ஐஸில் வருகிற சத்தம் கேட்கிறது. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு தரையில் இறங்கி நீளமாக வழுக்கிப் போகிற சத்தம், துணியைக் கிழித்த மாதிரி. நடுவில் சுரண்டல் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ ஒருவன், "அடேங்கப்பா, ஆளுயரம்" என்றான். ஒற்றைச் சுற்றுதான். ஆனால் அவள் குதித்தாள்.

வேலியின் அந்தப் பக்கம் வர்யாவும் பார்த்துக்கொண்டிருந்தாள், ராயாவின் வர்யா. எம்மாவின் புதுப் பிள்ளை. அப்போதே இரண்டு சுற்று சுற்றுவாள், அதே கர்ர்க் சத்தத்தோடு. "எனக்கும் சொல்லிக் குடு தாஸ்யா அக்கா" என்று வந்து ஒட்டிக்கொண்டது. தாஸ்யா துரத்தினாள். அது போகவில்லை. எந்தப் பிள்ளை போகும்?

"நீ தவளையா, பம்பரமா?" என்று கேட்டாள் தாஸ்யா.

"தவளை!"

"அப்போ முதல்ல தவளை, அப்புறம் பம்பரம். மேல போறதுக்கு முன்னாடி திரும்பினே, ஐஸ்கிரீம் கிடையாது."

இவ்வளவுதான் அவள் போட்ட சூனியம்.

குளிர்காலத் தொடக்கத்தில் மாவட்டத் தேர்வு. வர்யா பாசிமணிச் சட்டையில் ஐஸில் இறங்கினாள். இரண்டு சுற்றுத் தாவல் வர வேண்டிய இடம். பிள்ளை முழங்காலை மடக்கியது, காத்திருந்தது, எழும்பியது. நன்றாக எழும்பியது. ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கி, இரண்டு கையையும் விரித்து, பல்லில்லாத வாயோடு சிரித்தது. எல்லாத் தாவலும் அப்படியே. கூட்டம் கைதட்டியது, நடுவர்கள் தட்டவில்லை. வர்யாவின் இடம் வேறொரு ஊர்ப் பிள்ளைக்குப் போனது. "நான் தவளை மாதிரி போனேன், பாத்தீங்களா?" என்று அது எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தது. எம்மா அதன் தொப்பியைக் கட்டிவிட்டார். ராயா பேசினாள், அதுதான் எல்லாருக்கும் தெரியுமே.

அடுத்த நாள் அரங்கத்தின் நடைக்கூடத்தில், தாய்மார் எல்லாரும் நிற்க, எம்மா தாஸ்யாவை அழைத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை?"

"இல்லை. கேட்டிருக்கணும்."

"சரி. எனக்குச் சின்னப் பிள்ளைகளோட நிக்க ஓர் ஆள் வேணும். உன்னைவிடப் பொறுமை யாருக்கும் இல்லை, அது எனக்குத் தெரியும். நீ ஐஸை விட்டுப் போக வேண்டாம். ஆனா இங்க, இவங்க முன்னால சொல்லிடு. நான் சொல்லிக் குடுத்தது தப்பு, வர்யா பழையபடி குதிக்கட்டும்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

லரீசா ஆலைச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள், தலைமுடியில் மாவு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடு கண்ணு. ஒரே ஒரு வார்த்தை. ஐஸ் போயிட்டா அப்புறம் நீ என்ன பண்ணுவே? என் கூட மாவு பிசைவியா?"

தாஸ்யா அம்மாவின் கையைத் தட்டிவிடவில்லை. அதைப் பிடித்தபடியேதான் சொன்னாள்.

"உங்களைக் கேக்காதது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். வர்யா குதிச்சது தப்பில்லை, எம்மா ஆர்க்காதியெவ்னா. நீங்க பாத்தீங்க. நல்லா இருந்துச்சு. அது நல்லா இருந்துச்சுன்னு இங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும்."

அவளைப் பார்க்க இப்போது எம்மா அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "நல்லா இருந்தாப் போதுமா?" என்றார். "அலமாரிச் சாவியை வெச்சுட்டுப் போ. ஞாயித்துக்கிழமையும் வராதே."

பக்கத்தில் நின்ற ராயா, "பாத்தீங்களா திமிரை!" என்றாள். வர்யா அழ ஆரம்பித்தது.

வீட்டில் லரீசா பேச்சை நிறுத்தினாள். ஷிப்ட் முடிந்து வருவாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுப்பாள். பத்து வருஷத்துக்கு மேலாக விடியுமுன் எழுந்து பிள்ளையின் காலணிக் கயிற்றைக் கட்டியவள் அவள். அவளுக்கு மட்டும் அந்த ஐஸ் இல்லையா? தாஸ்யா என் சமையலறையில் உட்கார்ந்து பக்வீட் கஞ்சியை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, அப்பாவோட அம்மா இருக்காங்களா?"

"பெலகேயாவா? அவளுக்கென்ன. எமன் வந்தாலும் விறகு வெட்டிட்டு வரேன்னு நிக்க வைப்பா."

"உயரமா?"

இதற்கு மேலும் லரீசாவின் பொய்யைத் தாங்கிப்பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். என் எதிரிலேயே பேசினாள். அந்த முனையில் பெலகேயாவின் குரல் அடுப்படி வரை கேட்டது. "வா. இங்க கதவெல்லாம் உயரமாத்தான் வெச்சிருக்கோம். தலை இடிக்காது."

அந்தக் கிராமத்தில் அரங்கம் கிடையாது. கோச் கிடையாது. காமா உறைந்தால் மேடும் பள்ளமுமாக ஆற்று ஐஸ் கிடைக்கும், அதில் மீன் பிடிக்கிறவர்கள் துளை போட்டு வைத்திருப்பார்கள். கோடையில் நகரத்து விளையாட்டுக் கல்லூரியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இதைத்தான் ராயா ஓடிப்போனாள் என்கிறாள். வாழ்வதற்காக ஓடுகிறவர்கள் இதைவிட நல்ல இடத்துக்கு ஓட மாட்டார்களா?

போகிற நாள் காலையில் நான் எதிர் வீட்டுக்குப் போனேன். ஒரு பை, கயிற்றால் முடிந்த சறுக்குக் காலணி. லரீசாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. பயணம் கிளம்புகிறவர்கள் வீட்டை விடுமுன் எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், எங்கள் வழக்கம். தாஸ்யா பையின் மேல் உட்கார்ந்தாள், நான் முக்காலியில். கதவு திறக்கவில்லை. "போதும் பாட்டி" என்று எழுந்தாள்.

எழுந்தவள் வாசலுக்குப் போகாமல் சமையலறைக் கதவு நிலைக்குப் போனாள். காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலை ஒட்டி, நிமிர்ந்து நின்றாள்.

"கோடு போடுங்க."

ரொட்டிக் கத்தியை எடுத்தேன். முக்காலியில் ஏறினேன். எட்டவில்லை. "அசையாதே" என்று ஒரு குரல் கேட்டது. லரீசா. இரவு உடையோடு, வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள். என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மகளின் தலையில் கத்தியைப் படுக்க வைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு இறங்கி, கீழே இருந்த பழைய கோட்டைத் தொட்டாள். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவில் வெறும் மரம். அவள் உள்ளங்கையால் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள், அங்கே இருந்த எதையோ தேடுகிற மாதிரி.

"அப்பா பக்கம்" என்றாள்.

"தெரியும்மா."

லரீசா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் முக்காலியில் உட்கார்ந்தேன். தாஸ்யா மறுபடியும் பையின் மேல் உட்கார்ந்தாள். இந்த முறை மூன்று பேரும், முறைப்படி, பேசாமல். ஜன்னலில் பனி பெய்துகொண்டிருந்தது. பிறகு தாஸ்யா எழுந்து, குனிந்து அம்மாவின் மாவு வாசனைத் தலையில் முகத்தை வைத்தாள். லரீசா அவளுடைய தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டாள்.

லிப்ட் வேலை செய்யவில்லை. படியில் இறங்கிப் போனாள். தோளில் காலணிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போனது. மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது, வர்யாவின் குரல் ஏதோ கேட்டது, தாஸ்யா ஏதோ சொன்னாள், கதவு மூடியது. கீழே வாசல் கதவின் கனமான சுருள்வில் முனகியது. நடந்துதான் போனாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.